மகளுக்கு நர்சிங் பிடித்திருக்கிறது, மாமாவுக்குப் பிடிக்கவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பிறந்தது திருச்சிப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவர். மகள் இந்த ஆண்டு மேட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் உறவினர்கள் சொன்னதுதான். ஊரில் இருக்கும் தம்பி, "அக்கா, ஜார்ஜியாவுல சீட் வாங்கித் தர்றேன், ஆறே வருஷத்துல டாக்டரா வந்து நிப்பா" என்கிறார். இங்கே இருக்கும் நாத்தனார், "பெட்பேன் தூக்கவா பிள்ளையை வளர்த்தே?" என்று கேட்டிருக்கிறார். கணவர் யார் பக்கமும் பேசாமல், வீட்டின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் கிடைக்குமா என்று வங்கியில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மகளோ நர்சிங் டிகிரியில் சேர்கிறேன், சனி ஞாயிறு மாலில் வேலை பார்த்து என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். "எல்லாரும் சொல்றதும் சரின்னுதான் படுது, நான் என்ன செய்யட்டும்?" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் எல்லோரும் சொல்வது சரியில்லை. மகள் சொல்வதில் பாதி சரி. தம்பி சொல்வதில் எதுவும் சரியில்லை.

தம்பியின் கணக்கையே முதலில் பார்ப்போம். ஆறு வருடம் என்பது அங்கே பட்டம் வாங்கும் வரைக்கும்தான். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர் இங்கே மருத்துவக் கவுன்சிலின் தேர்வை எழுதித் தேற வேண்டும். அதன் பிறகு இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு அரசு அனுப்பும் இடத்தில் ஒரு ஆண்டு கட்டாயச் சமூகப் பணி. தேர்வுக்கும் இன்டர்ன்ஷிப் இடத்துக்கும் காத்திருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேரவில்லை. உள்ளூரில் படித்தவர்களுக்கே நிலைமை எப்படி? 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் மோட்சொலேடி, வேலையில்லாமல் நிற்கும் மருத்துவர்களுக்காக 1,200 இடங்கள் நிரப்பப்படும் என்று அறிவித்ததே பெரிய செய்தியானது. அதே அறிவிப்பில் நர்சுகளுக்கு 200 இடங்கள்தான். அதையும் மறைக்க மாட்டேன், பின்னால் வருகிறேன். இப்போதைக்கு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டை அடகு வைத்து ஆறு வருடம் வெளிநாட்டுப் பணத்தில் கட்டணம் கட்டினால், ராண்டின் மதிப்பு சரியும் ஒவ்வொரு முறையும் உங்கள் கடன் தானாகவே ஏறும். சீட் வாங்கித் தருகிறவர் அந்தக் கடனில் கையெழுத்துப் போடப் போவதில்லை. வங்கியில் விசாரிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மகளுக்கு லைஃப் சயன்ஸில் 74, ஃபிசிக்கல் சயன்ஸில் 46 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துதான் ஜார்ஜியா பேச்சே வந்திருக்கிறது. ஒரு பாடம் பிடிக்கவில்லை என்று பிள்ளை மதிப்பெண்ணால் சொல்லிவிட்டாள். அதே பாடத்தைத் தெரியாத ஊரில், ஏஜெண்டை நம்பி, இன்னும் கடினமாகப் படிக்கச் சொல்கிறீர்கள்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நான்காம் பக்கத்தில், நீங்கள் சிரிப்புக்காக எழுதிய ஒரு வரி. போன வருடம் பெரியப்பா மகளின் பிரசவத்துக்குத் துணைக்குப் போனவள், இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து, ஒரு வாரம் அந்த சிஸ்டரைப் பற்றியே பேசினாள், 'ஆயா காலத்து மருத்துவச்சி வேலையா உனக்கு' என்று வீட்டில் கேலி செய்தோம் என்கிறீர்கள். கேலியை நிறுத்துங்கள். மூன்று பக்கம் உறவினர் பேச்சில் கிடைக்காத தகவல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை ஒரு வேலையை நேரில் பார்த்து, அலுப்போடு வீடு திரும்பி, அப்புறமும் அதைப் பற்றியே பேசுகிறாள் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

பேறுகால வேலையை முன்வைத்தே நர்சிங் டிகிரியைப் பாருங்கள். 2013இல் வந்த விதிகளின்படி நான்காண்டு டிகிரி முடித்தவர் நர்சாகவும், பிரசவம் பார்க்கும் மிட்வைஃபாகவும் சேர்த்தே பதிவு பெறுகிறார். மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர் பொது நர்ஸ் மட்டுமே. மிட்வைஃப் ஆக வேண்டுமானால் பிறகு ஒரு ஆண்டு மேற்படிப்பு படிக்க வேண்டும். பழைய நான்காண்டுப் படிப்பில் புதிய சேர்க்கை 2019 முடிவோடு நின்றுவிட்டது. அதனால் பக்கத்து வீட்டு சிஸ்டர் தான் படித்த கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பேறுகால வேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு டிகிரிதான் நேர்வழி. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கின்றன.

இந்த வேலையை யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் சிக்கலில்லாத பிரசவத்தைப் பார்ப்பவர் மிட்வைஃப்தான். டாக்டரைக் கூப்பிடுவது சிக்கல் வந்தால். டாக்டரே இல்லாமல் மிட்வைஃபுகளே நடத்தும் பிரசவ மையங்கள் பல ஊர்களில் உண்டு. வலியோடு வரும் பெண்ணின் வயிற்றை டேப்பால் அளந்து, கையால் தடவிக் குழந்தையின் தலை எங்கே என்று பார்ப்பார். இதயத்துடிப்பைக் கேட்பார். பார்ட்டோகிராம் என்ற ஒற்றைத் தாளில் கருப்பை வாய் விரிவது, தலை இறங்குவது, தாயின் நாடி, ரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு எல்லாவற்றையும் மணி வாரியாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவார். அந்தப் புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டும்போது, இனி காத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று முடிவெடுப்பவரும் அவரே. குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் ஆக்சிடோசின் ஊசி, முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தைக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண், அழாத குழந்தைக்கு மூச்சுப் பை. இவ்வளவும் ஒருவர் கையில். நாத்தனார் சொன்ன பெட்பேனும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டாக்டருக்கும் ரத்தம், மலம், வாந்தி எல்லாம் உண்டு.

இந்த வேலை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2023இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்வதுதான் வழக்கம். இந்த ஆய்வில் தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். அதன் பையில் ரத்தம் குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, சலைன், பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்தன. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் பெரும்பாலோர் மிட்வைஃபுகள்.

மேலே போகவும் வழி உண்டு. கொஞ்சம் அனுபவத்துக்குப் பின் மிட்வைஃபரியில் பட்டமேற்படிப்பு டிப்ளமா முடித்தால் சிறப்பு நர்ஸ் வரிசை. 2007 முதல் அரசுச் சம்பளத்தில் சிறப்பு நர்சுகளுக்குத் தனிப் படிநிலை இருக்கிறது. தனியாகப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபுகளும் இங்கே சட்டப்படி தொழில் செய்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் தனியார் பிரசவங்களில் மூன்றில் இரண்டுக்கும் மேல் சிசேரியனாக இருக்கும் நாட்டில், இயல்பான பிரசவம் வேண்டும் என்று இவர்களைத் தேடிப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். மதிப்பு இல்லாத வேலை என்று ஊரிலிருந்து போன் வந்தால் தம்பியிடம் சொல்லுங்கள்: நர்சுகளையும் மிட்வைஃபுகளையும் சட்டப்படி பதிவு செய்ய உலகில் முதலில் முன்வந்தது இந்த மண். 1891இல், கிம்பர்லியில் பணியாற்றிய சிஸ்டர் ஹென்ரியட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால், அன்றைய கேப் காலனியில் அந்தச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் நர்சுகள் பதிவுக்குச் சட்டம் வந்ததே 1919இல்.

நர்சுகள் லண்டன், சவூதி என்று வேலைக்குப் போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இனி பணம். இங்கேதான் நான் கறாராகப் பேசுவேன். வீட்டின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால், அரசுப் பல்கலைக்கழகப் படிப்புக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இலவசம். யாராவது போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் 6,00,000 வரை உள்ள குடும்பங்களுக்கு 2024இல் அரசு ஒரு கடன் திட்டத்தைத் தொடங்கியது. அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். ஆனாலும் வீட்டை அடகு வைப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியது அதைத்தான். உதவித்தொகை படிப்புக் காலத்துக்கு மேல் ஒரு ஆண்டு வரைதான் நீளும். நான்காண்டு டிகிரிக்கு ஐந்தாண்டு. இதை நினைவில் வையுங்கள், மகளின் மால் வேலை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தனியார் நர்சிங் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே என்எஸ்ஃபாஸ் கிடையாது. அதைவிட முக்கியம்: நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும். உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரமும் வேண்டும். 'நர்சிங் உதவியாளர்', 'ஹோம் கேர்' என்று கடைத்தெருவில் நோட்டீஸ் கொடுக்கும் ஆறு மாதப் படிப்புகளை முடித்துவிட்டு, கவுன்சில் பதிவு இல்லாமல் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ரசீது போடும் முன், கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இப்போது மகளிடம் பேச வேண்டியது. பாதி சரி என்று சொன்னேனே, தவறான பாதி இதுதான்: சனி ஞாயிறு மால் வேலை.

நர்சிங் டிகிரியை பி.காம் மாதிரி நினைத்துக்கொண்டு திட்டம் போடுகிறாள். பி.காம் மாணவிக்கு வகுப்பு இல்லாத நேரம் அவளுடையது. நர்சிங் மாணவிக்கு வகுப்பு இல்லாத நேரம் வார்டு. பல வார்டுகளில் ஷிப்ட் காலை ஏழிலிருந்து மாலை ஏழு. சனி, ஞாயிறு, ராத்திரி எல்லாம் வரும். கிளினிக்கல் என்ற வார்டுப் பயிற்சி மணிநேரம் குறைந்தால் பரீட்சையில் எவ்வளவு வாங்கினாலும் கவுன்சில் பதிவு கிடைக்காது. விடுபட்ட நேரத்தை விடுமுறையில் போய் ஈடுகட்ட வேண்டும். மற்ற மாணவர்கள் ஜூன் விடுமுறையில் இருக்கும்போது இவள் வார்டில் நிற்பாள். முதல் ஆண்டில் பிள்ளைகள் அதிகம் தோற்பது உடற்கூறும் உடலியக்கமும் படிக்கும் பாடத்தில். வார்டில் சோர்ந்து, மாலில் சோர்ந்து, அந்தப் பாடத்தைத் தோற்றால் ஒரு ஆண்டு போய்விடும். உதவித்தொகை எத்தனை ஆண்டு என்று மேலே சொன்னேன். மாலில் ஒரு வருடம் சம்பாதித்தாலும் அந்த இழப்பை நிரப்ப முடியாது.

முதல் இரண்டு ஆண்டு வாரநாள் வேலையும் வேண்டாம், வாரக்கடைசி வேலையும் வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் கிளினிக்கல் இல்லாத வாரங்களில் கடையில் நிற்கட்டும், அது நல்லதுதான். அவசியமானால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு லைஃப் சயன்ஸ் ட்யூஷன் எடுக்கலாம். நேரம் அவள் கையில் இருக்கும், ஷிப்ட் மாறினால் வகுப்பைத் தள்ளிப்போடலாம், பாடமும் மறக்காது. நர்ஸ் ஏஜென்சியில் ஷிப்ட் எடுக்கலாம் என்று தோழிகள் யாராவது சொன்னால், பதிவு பெறாதவர் நர்ஸ் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வார்டில் சில விஷயங்கள் படிப்பைக் காப்பாற்றும். செய்த வேலையை லாக்புக்கில் எழுதி அன்றைக்கே, அந்த சிஸ்டரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு வாங்கலாம் என்று விட்டால் அவர் லீவில் போயிருப்பார், அல்லது ராத்திரி ஷிப்டுக்கு மாறியிருப்பார். அவள் பார்த்த பிரசவம் கணக்கில் வராது. விநாடி முள் உள்ள கடிகாரம் வேண்டும், போனைப் பார்த்து நாடி எண்ண எந்த சிஸ்டரும் விடமாட்டார். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை, முதல் தவணையைச் சேருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் அவ்வளவு நல்லது. பயந்துகொண்டு சொல்லாமல் வீட்டுக்கு வந்து அழும் பிள்ளைகள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி நடக்காமல் பார்ப்பது உங்கள் வேலை.

இன்னொன்று ஜூலு மொழி. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஜூலு பாடம் கட்டாயம். ஆனால் பரீட்சைக்கான ஜூலு லேபர் வார்டுக்குப் போதாது. வலியில் துடிக்கிற பெண்ணிடம் 'பெஃபுமுலா', மூச்சு விடு, என்று அவள் மொழியில் சொல்லத் தெரிந்த மாணவியைத்தான் சிஸ்டர் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். உங்கள் மகள் தெருவில் விளையாடி வளர்ந்த பிள்ளை என்றால் ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். மீதியை இந்த ஆண்டே தொடங்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வருகிற பிள்ளையைப் பத்து மணிக்கு எழுப்பி, அத்தை வந்திருக்கிறார் டீ போடு என்று சொல்லக் கூடாது. தைப்பூசக் காவடி, மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று எல்லாவற்றுக்கும் அவள் வருவாள் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை இல்லை, அந்தச் சமயத்தில்தான் ஆண்டுப் பரீட்சையும் வரும். டூட்டி அட்டவணை போடும் முன்பே கேட்டால் சில நாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பெண் பிள்ளை என்பதால் படிப்பும் வார்டும் முடிந்து சமையலறையும் அவளுக்கு என்றால், நர்சிங் படிப்பு உடைவது பல்கலைக்கழகத்தில் இல்லை, உங்கள் வீட்டில்தான். அவள் அண்ணனுக்கும் பாத்திரம் கழுவத் தெரியும்.

நர்சுகளுக்கு வேலை கிடைப்பது பற்றிப் பின்னால் வருகிறேன் என்றேனே, அந்த விஷயம். படிப்பு முடிந்ததும் ஒரு ஆண்டு சமூகப் பணி, சம்பளத்தோடு. இடத்தை அரசு முடிவு செய்யும். டர்பனாக இருக்கலாம், மொசாம்பிக் எல்லைக்குப் பக்கத்தில் மன்குசியாகவும் இருக்கலாம். தனியாக இருக்கப் பழக வேண்டும், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை அந்த ஆண்டு தள்ளிவையுங்கள். அது முடிந்ததும் நிரந்தர வேலை தானாக வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மாகாணங்களில் பணமில்லாமல் நர்ஸ் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கொஞ்ச காலம் ஏஜென்சி, தனியார் மருத்துவமனை, ஒப்பந்த வேலை என்று ஓட வேண்டியிருக்கலாம். ஆனால் நான்கு வருடம் படித்து, பெரிய கடன் இல்லாமல், மிட்வைஃபாகவும் பதிவு பெற்று அந்த நிலையில் நிற்பது ஒன்று. வீட்டை அடகு வைத்து, பிடிக்காத பாடத்தைப் படித்து, அதே நிலையில் நிற்பது வேறு. இரண்டில் எது தாங்கும் என்பதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். தம்பியை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள்.

அடுத்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை. இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் சி.ஏ.ஓ. விண்ணப்பத்தைத் தாமதமாகப் போட்டால் கட்டணம் கூடும். சில படிப்புகளின் கடைசித் தேதி மற்றவற்றுக்கு முன்பே வந்துவிடும், அதனால் கையேட்டை எடுத்து நர்சிங் தேதியைத் தனியாகப் பாருங்கள். முதல் தெரிவாக நர்சிங் டிகிரி, இரண்டாவதாக வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே டிகிரி. அரசு நர்சிங் கல்லூரியின் டிப்ளமா அறிவிப்பு வந்தால் அதற்கும் போடட்டும். இடம் கிடைக்காவிட்டால் அது நல்ல இரண்டாம் வழி, மிட்வைஃபரியைப் பிறகு ஒரு ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். என்எஸ்ஃபாஸ் விண்ணப்பம் தனி, சி.ஏ.ஓ.வில் போட்டது அங்கே போகாது. அடையாள அட்டை, பதினோராம் வகுப்பு மதிப்பெண், பெற்றோரின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் நகலெடுத்து போலீஸ் ஸ்டேஷனில் சான்றொப்பம் வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது. மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றொப்பத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், அதனால் ரொம்ப முன்னாலேயே வாங்கி வைக்க வேண்டாம்.